சுந்தரி வடகம் காலிக் கவரு

மார்ச் 4, செவ்வாய்
வெயிலு நல்லாக் காயிது. மாடியில அஞ்சு பாயி வடகம். காக்கா வெரட்டுறது என் உத்தியோகம். மருமவ தேவிகாகிட்ட, "காக்காவையும் கம்பெனியில பங்காளியாச் சேத்துடு, நான் ரிட்டயர்டு ஆயிர்றேன்"ன்னேன். சிரிச்சிச்சு.

தேவிகா கடைக்குப் போன நேரத்துல முனிசிபாலிட்டி ஆபீசுலேர்ந்து சித்திக்கான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. பிளாஸ்டிக் கவர்ல அடைச்சு விக்கிறவங்க, அந்தக் காலிக் கவருக்கும் பொறுப்பு எடுத்துக்கணுமாம். சேத்து மறுசுழற்சிக்குக் குடுக்கணுமாம். "உங்க காலிக் கவரெல்லாம் எங்கங்கய்யா போவுது?"ன்னு கேட்டுச்சு. என் வாயி சும்மா இருக்குமா? "அரசலாத்துல குளிச்சிட்டு நேரா கடலுக்குப் போவுதும்மா, காத்து வாங்க"ன்னேன்.

சிரிக்கவே இல்ல. எழுதிக்கிச்சு.

மார்ச் 11
கடுதாசி வந்துருச்சு. "காலி உறைகள் ஆற்றிலும் கடலிலும் விடப்படுவதாக நிறுவனத்தார் தெரிவித்தார்." நிறுவனத்தாராம்! நான்தான் அது. கவரைத் திரும்ப எடுக்க என்ன ஏற்பாடுன்னு முப்பது நாளைக்குள்ள காட்டணும். இல்லன்னா லைசென்சைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்.

நாலு பொண்ணுங்க வேல பாக்குது தேவிகாகிட்ட. ஆறு வருசமா வளத்த கம்பெனி. "ஏன் மாமா இப்புடிப் பண்ணுனீங்க?" — அம்புட்டுதான் கேட்டுச்சு. நல்லாத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 12
காப்பி வந்துச்சு. பேச்சு வரல.

மார்ச் 13
நாம செஞ்சத நாமளே சரி பண்ணுவோம்னு சாக்கு எடுத்துகிட்டு சைக்கிள்ல கெளம்புனேன். கோவில்பத்துல ஒரு தெரு பாக்கி இல்ல.

செல்லம்மா வீட்டுல, "கவரா? அதுல கடுகு போட்டு வெச்சிருக்கேண்ணே." சந்திரலேகா வீட்டுல ரேசன் கார்டுக்கு நம்ம கவருதான் சட்டை. இன்னொரு வீட்டுல மொளகா நாத்து விட்டிருக்காங்க. குப்பைன்னு போட்டவங்க ஒருத்தருமில்ல! கெட்டிக்காரிங்க.

"வடகத்த வித்துட்டுக் கவர மட்டும் புடுங்க வர்றீங்களே, எந்த ஊரு வியாபாரம்ணே இது?"ன்னா செல்லம்மா.

"தின்ன வடகத்தக் கேக்கல பாரு, அதுக்கு சந்தோசப்படு"ன்னேன்.

சாயங்காலம் சாக்குல பதினேழு கவரு. மாசம் மூவாயிரம் கவரு விக்கிது. மிச்சமெல்லாம் எங்க?

மார்ச் 16
தெரிஞ்சுபோச்சு.

குஞ்சிதபாதம் மெஸ்ஸுக்குப் பின்னாடி வாய்க்கா மதகு அடைச்சுகிட்டு நிக்கிது. குச்சியால கெளறுனா ஊருபட்ட கவரு. அதுல முக்காவாசி நம்மளுது. கவரு மேல, போயிச் சேந்துட்ட என் பொஞ்சாதி திரிபுரசுந்தரி படம். அவ பேருலதான கம்பெனியே. ஒண்ணுல சேறு அப்பி ஒரு கண்ணு மட்டும் தெரியிது. என்னையே பாக்குது.

"தண்ணியக் கண்டாலே பயப்படுவியே, இங்க என்னடி பண்றே?"ன்னு கேட்டேன். எப்பவும் கேக்குற மாதிரிதான் கேட்டேன். சிரிப்பு வரல.

அந்த வாய்க்கா அரசலாத்துலதான் போயி விழுவுது. வெளயாட்டுக்குச் சொன்னேன்னு நெனச்சேனே — நெசமாவே கடலுக்குத்தான் போயிருக்கு.

முட்டி வலியோட எறங்கி அள்ளுனேன். வீட்டுக்கு வந்து தேவிகா முன்னாடி கொட்டிட்டு, "நான் சொன்னது பொய்யில்லம்மா. தெரியாமச் சொல்லிட்டேன்"ன்னேன். ஒரு கவர எடுத்துக் கொழாயடியில கழுவி, முந்தானையால தொடைச்சிச்சு. "அத்தைய இப்புடி விட்டுட்டோமே மாமா."

அஞ்சு நாளைக்கப்புறம் மாமா!

மார்ச் 17
தேவிகாவுக்கு மூளை. வீட்டுக்காரங்க கவரைப் பத்திரமா வெச்சுக்குறாங்க. கிழிச்சு வீசுறது மெஸ்ஸும் ஓட்டலுந்தான். "அவங்களுக்குக் கவரே வேணாம் மாமா. மூடி போட்ட டின்னுல குடுப்போம். அடுத்த டின்னு போவயில காலி டின்னத் திருப்பி வாங்கிருவோம். கடைக்குப் போற கவருக்கு, கடையிலயே ஒரு பொட்டி வெப்போம்." அந்தப் பொட்டியில சேர்றத மறுசுழற்சிக்கு எடுக்குற ஆளையும் விசாரிச்சு வெச்சிருக்கு.

மார்ச் 20
குஞ்சிதபாதம் முரண்டு புடிக்கிறாரு. "டின்னு எடத்த அடைக்கும்ங்க."

"ஒங்க தொப்பைய விடவா?"

சாப்புட்டுகிட்டிருந்த மெஸ்ஸே சிரிச்சிச்சு. அப்புறம் தனியாக் கூட்டிகிட்டுப் போயி, மதகுல மறுபடி வந்து சிக்கியிருந்த சுந்தரி படத்தக் காட்டுனேன். சுந்தரி கையால நெறையச் சாப்புட்டவரு அவரு. "நாளைக்கே டின்னக் கொண்டாங்க"ன்னாரு.

மார்ச் 29
ஏழு ஓட்டலு ஒத்துகிட்டாச்சு. ஒருத்தர் டின்னுல அரிசி போட்டு வெச்சுகிட்டாரு. போயி வாங்கியாந்தேன்.

ஏப்ரல் 9
சித்திக்கா வந்துச்சு. "மாமா, நீங்க மாடியிலயே இருங்க"ன்னுச்சு தேவிகா. நியாயந்தான.

ஆனா தேவிகா மதகு சேதியச் சொல்லவும், அந்தப் பொண்ணு என்னையக் கூப்பிட்டு மதகக் காட்டச் சொல்லிச்சு. நடந்து போனோம். போற வழியெல்லாம் நாக்கு நுனியில நாலு கிண்டல் வந்து நின்னுச்சு, நாலையும் முழுங்குனேன். மதகுல தண்ணி அடைப்பில்லாம ஓடுது. அந்தப் பொண்ணு குனிஞ்சு பாத்துச்சு, போட்டா புடிச்சிச்சு, எழுதிக்கிச்சு.

என்ன எழுதுச்சோ?

ஏப்ரல் 22
லைசென்சு வந்துருச்சு. அந்த நாலு பொண்ணுங்களும் பாயாசம் வெச்சுதுங்க.

கூடவே நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம். காலிக் கவருக்கும் டின்னுக்கும் கம்பெனியில பொறுப்பு யாருன்னு கேட்டிருக்கு. அந்த எடத்துல அம்பலவாணன்னு என் பேர எழுதி வெச்சிருக்கு தேவிகா. "கையெழுத்துப் போடுங்க மாமா. வேற ஒண்ணும் எழுதிராதீங்க"ன்னு பேனாவ நீட்டுச்சு.

அஞ்சாங்கிளாசோட நின்ன கையி. இந்த நோட்டுல கிறுக்குறது வேற, ஆபீசுத் தாளு வேற. வேற தாள்ல நாலு தடவ எழுதிப் பாத்துட்டுத்தான் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

பேனாவத் திருப்பிக் குடுக்க மனசு வரல.