எட்டுப் பேர் வேண்டும்

மார்ச் 3, திங்கள்

இன்று மட்டும் பதினொரு சோபாவைப் பற்றி எழுதினேன். "சொகுசு" என்ற சொல்லை இனிமேல் யார் சொன்னாலும் அடிப்பேன். பர்னிச்சர் கம்பெனியின் இணையதளத்துக்கு எழுதிப் பிழைக்கிறவள் வேறென்ன செய்வாள்?

மாலையில் அக்கா நீச்சல் குளத்திலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பெரியவர்களுக்கு மட்டும் நீச்சல் சொல்லித்தரும் அவளுடைய வகுப்பில் இப்போது மூன்றே பேர். ஏப்ரல் முப்பதுக்குள் எட்டுப் பேராவது சேர வேண்டும், இல்லையென்றால் அவளுடைய ஆறு மணி வகுப்பு நேரத்தைச் சிறுவர் குழுவுக்குக் கொடுத்துவிடுவாராம் மேனேஜர். ஒன்பது வருடமாக அவள் கட்டிக் காத்த நேரம் அது.

"ஜனவரியிலேயே வெப்சைட் போட்டுக் கொடுத்தியே, அதைப் பாத்து ஒருத்தர்கூட வரலையேடி."

சுருக்கென்றது. நான்தான் தேடுபொறி, தரவரிசை என்று அவளிடம் வாய் கிழியப் பேசியவள்.

மார்ச் 4

தளத்துக்கு அக்கா வைத்த தலைப்பு: முதிர்ந்தோர் நீர்ப் பயிற்சி மையம். கௌரவமாக இருக்கட்டும் என்று வைத்தாளாம். இதை எந்த மனிதன் தேடுவான்? முதியோர் இல்லத்தில் குழாய் ரிப்பேர் செய்கிற இடம் போல இருக்கிறது என்றேன். அத்தான் சிரித்தார், அக்கா முறைத்தாள், தலைப்பை மாற்றினேன். பெரியவர்களுக்கு நீச்சல் வகுப்பு. அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

ஐயோ. ஐயோ. ஐயோ.

தளத்தின் அமைப்புகள் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். "தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம்." அதில் ஒரு டிக். வேலை முடியும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஜனவரியில் நான் போட்டது. எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதமாகக் கடையைத் திறந்து வைத்துவிட்டு ஷட்டரை இறக்கியிருக்கிறேன். அக்கா தான் வைத்த தலைப்பு சரியில்லையோ, தன் படம் சரியில்லையோ என்று மருகிக்கொண்டிருந்தாளே, பாவி நான்.

எடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மார்ச் 8

சொல்லிவிட்டேன். அக்கா, "டிக்குதானே, எடுத்துட்டல்ல, விடு" என்று துண்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 15, சனி

முதல் இடம்! "பெரியவர்களுக்கு நீச்சல்" என்று தேடினேன், எல்லாருக்கும் மேலே நாங்கள். சமையலறைவரை ஓடினேன். அக்கா கரண்டியோடு கட்டிப்பிடித்தாள், என் சட்டையெல்லாம் குழம்பு.

அத்தான் தன் போனை நீட்டினார். அதில் நாங்கள் நான்காம் பக்கத்தில் கிடந்தோம். தினம் நாற்பது முறை நான் அதையே திறந்து பார்ப்பதால் என் போன் எனக்கு ஜால்ரா போட்டிருக்கிறது.

அத்தான் எதற்கு அதைத் தேடினார்? சும்மா டெஸ்ட் பண்ணினாராம். வம்புக்காகவே செய்வார் இவர்.

மார்ச் 21

எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் வரும். இன்று முதல் தடவையாக அது நிறைந்திருக்கிறது.

நாற்பது வயசுல நீச்சல் வருமா. தண்ணி பயம் போக என்ன செய்யணும். நீச்சல் உடை போட வெட்கமா இருக்கு.

ஒருவர்கூட "பயிற்சி மையம்" என்று தட்டவில்லை. எல்லாம் கேள்விகள். யாரிடமும் கேட்க முடியாததை இங்கே வந்து கேட்கிறார்கள். நான் இவ்வளவு நாள் சோபாவுக்கு எழுதுவதுபோலவே இதற்கும் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, பன்னிரண்டு முறை: மனைவிக்குத் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொள்வது எப்படி.

சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அத்தான் தட்டைக் கழுவ எழுந்து போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னாள், "பாவம்டி. யாரோ எப்பவோ அவரைக் கேலி பண்ணியிருக்காங்க."

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு வந்த யோசனைக்கு எனக்கே மாலை போடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். பதில் என்னுடையது இல்லை, அக்காவுடையது. குளத்தின் ஓரத்தில் நின்று அவள் பேசுவதை ரிக்கார்ட் செய்து அப்படியே எழுதினேன். சொகுசு கிடையாது, சிறப்பு கிடையாது.

அந்தப் பன்னிரண்டு முறை ஆசாமிக்கும் அவள் பதில் சொன்னாள்: "தெரியாம கத்துக்கலாம். ஆனா ஈரத் தலையோட வீட்டுக்குப் போனா மாட்டிக்குவீங்க. அதனால தலையை நல்லா துவட்டிட்டுப் போங்க. முதல் வாரம் இடுப்பளவு தண்ணிதான். பயந்தா கையைப் பிடிச்சுக்குவேன், வெளியில சொல்ல மாட்டேன்."

அத்தான் வழக்கம்போலக் குளத்தோர இருக்கைகளில் மூன்றாம் வரிசையில் துண்டுகளுக்கும் பைகளுக்கும் காவல் இருந்தார். தண்ணீர் பட்டால் அவருக்குச் சளி பிடிக்கும். கடற்கரைக்குப் போனாலும் செருப்புகளுக்குக் காவல்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக அதே உத்தியோகம்.

ஏப்ரல் 2

நான்காவது ஆள்! ஒரு பல் மருத்துவர். தண்ணீர் பயம் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தாராம். சேருகிற ஒவ்வொருவரையும் அக்காவே கூப்பிட்டுப் பேசுகிறாள். அவள் குரலைக் கேட்டால்தான் பாதிப் பயம் போகுமாம்.

ஏப்ரல் 9

ஐந்து, ஆறு. சேர்ந்தே வந்த ஓரகத்திகள் இருவர். ஒருத்தி மற்றவளைவிடச் சீக்கிரம் கற்க வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 16

நூலகத்தின் பொதுக் கம்ப்யூட்டரில் போய்த் தேடினேன். என்னை அறியாத கம்ப்யூட்டர், எனக்கு ஜால்ரா போட அதற்கு அவசியமில்லை. முதல் பக்கம், இரண்டாம் இடம். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவரிடம் காட்டினேன். அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 22

ஏழு. பஸ் டிரைவர். இன்னும் ஒருவர்தான். ஒரே ஒருவர்.

ஏப்ரல் 29

யாரும் இல்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளமா? நானே சேருகிறேன் என்றேன். வீட்டு ஆளைக் கணக்குக் காட்டினால் மேனேஜர் ஏமாற்று என்பார் என்றாள் அக்கா. எனக்கு ஏற்கெனவே நீச்சல் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 30, புதன்

மாலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தில் இருந்தேன். மேனேஜர் ஆறு மணிக்குப் பதிவேட்டை மூடுவார். அக்கா ஈரக் கையோடு அவருடைய கண்ணாடி அறைக்குள் நின்றாள். போனில் தளத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. வயது 44. பெயர்: பிறகு சொல்கிறேன். கேள்வி: டீச்சர் கேலி செய்வாரா?

விண்ணப்பத்திலிருந்த போன் எண்ணைப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் நான் எழுதிக் கொடுக்கும் எண். நிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அத்தான் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு ஆள் கணக்கில் வராது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் இவர் ஏமாற்றுக்கு வரவில்லையே. பன்னிரண்டு முறை தேடியவர். ஒரு காகிதத்தில் எண்ணையும் கேள்வியையும் மட்டும் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கு யாருடைய எண்ணும் மனப்பாடம் கிடையாது. மேசை மேலிருந்த போனில் ஸ்பீக்கரைப் போட்டுத் தட்டினாள்.

மூன்றாம் வரிசையில் மணி அடித்தது.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் எடுத்துக் காதில் வைத்தார். அக்கா தன் வகுப்புக் குரலில், எல்லாரிடமும் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னாள்.

"நீங்க கேட்டதுக்குப் பதில். டீச்சர் கேலி பண்ண மாட்டாங்க. முன்னாடி எப்பவாவது பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க. நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க."

"சரிங்க டீச்சர்," என்றார் அத்தான்.

மேனேஜர் அக்காவையும் பார்த்தார், வெளியே மூன்றாம் வரிசையையும் பார்த்தார். பேனா மூடியைத் திறந்து எட்டாவது வரியில் எழுதினார்.

மே 1

அத்தான் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தார். தெருவெல்லாம் பார்க்க, துவட்டிக்கொள்ளாமலே நடந்து வந்தாராம்.