சாய மாஸ்டர் தேர்ந்தெடுத்த முலாம்பழம்

என் பாசத்துக்குரிய அண்ணா,

நம் முலாம்பழம் போன வாரம் தாராபுரம் சந்தைக்குப் போனது. நீ போன பிறகு வந்த முதல் அறுவடை. வியாபாரி ஒன்றை அறுத்து முகர்ந்துவிட்டு, "நெறம் அள்ளுதுங்க. வாசந்தான் ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். உன் மூக்கை நம்பி அவரோடு சண்டைக்கே போய்விட்டேன்.

நேராக உன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் பொருமினேன். அண்ணி வெகு சாதாரணமாகச் சொன்னார்: "ஏனம்மிணி, உனக்குத் தெரியாதா? அருள்புரம் சாயப்பட்டறைல சாய மாஸ்டரா இருந்தப்பவே, மருந்து நெடில அவுங்களுக்கு மூக்கு போயிருச்சே. சாம்பார் தீஞ்சாக்கூடத் தெரியாது."

எனக்குத் தெரியாது அண்ணா. நீ சொல்லவே இல்லையே.

காய்ச்சலில் எனக்கு வாசனையே தெரியாமல் போனபோது, இனிப் பழ ஆராய்ச்சி வேண்டாம் என்று அழுதேன். நீதான், "உன்ற மூக்கு போனா என்ன அம்மிணி, என்ற மூக்கு இருக்குதல்லோ" என்றாய். எத்தனை முறை உனக்கு விளக்கியிருப்பேன்! நாட்டுப் பழம் ஊரையே மணக்கும், மறுநாளே வெடித்துவிடும். கெட்டி ரகம் லாரியில் தாங்கும், மணக்காது. இரண்டையும் கலந்து, பிறக்கும் செடிகளில் மணக்கிற பழத்திலிருந்து மட்டும் விதை எடுக்க வேண்டும். வாசத்துக்குப் பல மரபணுக்கள் கூடிவர வேண்டும், தவறாகத் தேர்ந்தால் தலைமுறைக்குத் தலைமுறை அவை நழுவிவிடும் என்றேன். தலையாட்டினாய். ஒவ்வொரு பழத்தையும் மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாயே, அது எதற்கு?

இப்போது வயலில் எல்லாப் பழமும் ஒரே பொன்மஞ்சள். இம்மி பிசகவில்லை. துணிக்கு நிறம் ஒத்துப்பார்க்கிற கண்ணால் தேர்ந்திருக்கிறாய். நீ ஒதுக்கிய மங்கல் பழங்களையெல்லாம் மாட்டுக்குப் போட்டேன். வாசம் அவற்றில் இருந்ததோ என்னவோ, யாரைக் கேட்பேன்?

என் மனம் உடையக் கூடாது என்றுதான் செய்தாய் என்கிறார் அண்ணி. அந்தப் பாசம் எனக்கு வேண்டாம். என் உழைப்பு முழுவதையும் உன் கையில் கொடுத்தேன், நீ நடித்திருக்கிறாய். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் நேரில் போய்த் திட்டியிருப்பேன். உன்னை எங்கே தேடிப் போவது?

முதல் கலப்பின் விதை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தையில் மறுபடி விதைக்கிறேன். இந்த முறை முகர்ந்து சொல்லப்போவது அண்ணி. மணக்கிற பழம் வந்தால் முதல் பழம் உன் படத்துக்கு முன்னால்தான், இது சத்தியம். எப்படி இருக்கிறது என்று மட்டும் உன்னைக் கேட்க மாட்டேன்.

கோபம் தீராத,
உன் தங்கச்சி