உங்கப்பா விளைவித்த கப்லி கோதுமை

அன்புள்ள எழிலுக்கு, அம்மா லீலா எழுதிக்கொள்வது. வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம், அவர் வாயும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா? போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பேசுவதையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார், அதனால் இதை எழுதிக் கோதுமைப் பையோடு சேர்த்துக் கட்டுகிறேன்.

புரட்டாசியில் அவர் கால் கட்டைவிரலில் புண் வந்தது உனக்குத் தெரியும். சர்க்கரை இறங்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று தண்டலத்து டாக்டரம்மா சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மூன்று வேளையும் சோறு கூடாது, கோதுமைக்கு மாறுங்கள் என்றார். இந்த மனுஷனோ கடைக் கோதுமை எனக்கு ஆகாது, என் நிலத்தில் விளைந்தால் தின்கிறேன் என்று சபதம் போட்டார். ஒரகடத்தில் எங்கே கோதுமை விளையப் போகிறது என்ற தைரியம். நீ பூனா பக்கம் விளையும் அந்தக் காலத்து கப்லி கோதுமை விதையை அனுப்பி வைப்பாய் என்று கண்டாரா? பை வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்கணுமே, விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி.

கம்பெனிக்குப் போனது போக, அதன் மதிலை ஒட்டி நமக்கு மிஞ்சிய இருபது சென்டில் கார்த்திகையில் விதைத்தார். முளைத்து வந்ததும் நெல்லுக்குக் கட்டுவது போல மோட்டாரைப் போட்டு வரப்பு முட்டத் தண்ணீர் கட்டிவிட்டார், வேண்டுமென்றேதான். நாலே நாளில் பயிர் மஞ்சளாகிவிட்டது. இந்த மண்ணு நெல்லத் தவிர எதையும் ஏத்துக்காது லீலா, நான் இன்னா பண்றது என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நிலத்து டில்லிபாபு வரப்பில் நின்று, இன்னா நாகப்பா, பயிருக்கு நீச்சல் கத்துக் குட்க்கிறியா, வெவசாயமே மறந்துபூட்ச்சா என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். நான் இத்தனை நாள் கெஞ்சியும் அசையாதவர், கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி, வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தார்.

அதற்குப் பிறகு பயிர்தான் அவருக்குப் பிள்ளை, நீ இரண்டாம்பட்சம். கதிரைக் கொத்த மயில்கள் வந்தன. முருகன் வாகனத்தைக் கல்லால் அடிக்கக் கூடாதே, அதனால் பழைய கம்பெனி ஹெல்மெட்டோடு எதிரே நின்று கும்பிட்டு, வேற நெலம் பாத்துக்கப்பா என்று கெஞ்சுவார், கேட்காவிட்டால் தட்டைத் தட்டுவார். மதிலோரம் விடிய விடிய கம்பெனி விளக்கு எரிவதால் அந்த வரிசை மட்டும் முந்திக்கொண்டு கதிர் விட்டது. அது நைட் ஷிப்ட் பாக்குது, ஓ.டி. குட்க்கணும் என்று சுங்குவார்சத்திரம் டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஊரே இப்போது அவரைக் கோதுமைக்காரர் என்கிறது.

பங்குனியில் அறுத்து அடித்தோம், உமி விட மாட்டேன் என்கிறது. பாத்தியா, நெல்லு மாதிரியே உமியோட கீது, அப்போ இதுவும் சோறுதான் என்று சட்டம் பேசினார். நான் உரலில் குத்திப் புடைத்து, ஊறவைத்துச் சோறு போலவே வேகவைத்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். டாக்டரம்மாவிடம் சொன்னால், கோதுமையே ஆனாலும் அளவு ஒன்றுதான், ஒரு கரண்டிக்கு மேல் கூடாது என்றுவிட்டார். இதுக்கா நான் மயிலாண்ட மல்லு கட்னேன் என்று உங்கப்பா அங்கேயே கேட்டுவிட்டார். மாத்திரையும் விடாமல் போட்டதில் சர்க்கரை இறங்கி, போன வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் பிழைத்தது எழிலு. பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு கிலோ வைத்திருக்கிறேன், முதல் நாளே ஊறவை. நம் வீட்டுச் சர்க்கரை நோய் உன்னையும் தேடி வரும், வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையை மறக்காதே. மாப்பிள்ளையோடு நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். விதைக்கு ஒரு பானை எடுத்து வைத்தாயிற்று, வரும் கார்த்திகைக்கும் விதைக்கிறாராம். விதைக்கட்டும், மோட்டார் கொட்டகைச் சாவி மட்டும் என் இடுப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
கோதுமைக்காரர் பெண்டாட்டி,
உன் அம்மா லீலா