ஓரமாக எடுத்து வைத்தது

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறைச்சல். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் அனுப்பினால், கல்யாண ஆப்பில் பெண்களின் போட்டோவைத் தள்ளுகிற மாதிரி என்னையும் பாதியிலேயே விரலால் தள்ளிவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் அத்தான் குளியலறைக் குழாயைத் தானே சரி செய்கிறேன் என்று இறங்கினார். இப்போது சமையலறையிலும் தண்ணீர் வரவில்லை. பூனைக்குக் காதுப் புண் ஆறிவிட்டது. மருந்து போட்டது யார் என்று உனக்குத் தெரியும். நீயே உன் போனில் கண்டுபிடித்து, "அக்கா, இவங்க உன் ஊர்லதான் இருக்காங்க, ஒரு தடவை பார்த்துட்டு சொல்லேன்" என்று என்னைத் துரத்தினாயே, அந்தக் கால்நடை டாக்டர்தான். பூனையைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். இப்போது அந்தப் பூனை என்னைவிட அவளிடம்தான் ஒட்டிக்கொள்கிறது.

நீ மட்டும் ஒட்டவில்லை. முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது சொன்னாய். ஒருத்தி போட்டோவில் சிரிக்கவில்லை, இன்னொருத்தி அதிகமாகச் சிரிக்கிறாள். ஒருத்திக்கு மலை பிடிக்குமாம், உனக்குக் கடல்தான் பிடிக்குமாம். உன் அறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர் வீட்டுக்காரரின் துணிக்கொடி! டாக்டர் விஷயத்தில் குறை சொல்லக்கூட உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தினமும் அவளோடு பேசுகிறாய், பேசி முடித்த கையோடு எனக்குப் போன் போட்டு அவள் சொன்னதைச் சொல்லிச் சிரிக்கிறாய். பிறகு ஏன்டா இழுத்தடிக்கிறாய் என்றால், "இதைவிட நல்லா ஒண்ணு வந்துட்டா?" என்கிறாய். கட்டில் வாங்கப் போனவன் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதானே இன்னும் தரையில் படுத்திருக்கிறாய்?

இனி நீ செய்த காரியத்துக்கு வருகிறேன். அது உனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவள் கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்தாள். அப்போது ஒரு அம்மாள் சுவரில் இருந்த ஃப்ரேம் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்கிறவர்களுக்காகவே கல்லாவுக்குக் கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன். சாயந்தரம் வரை வராவிட்டால் மறுபடி சுவரில் மாட்டிவிடுவேன், வேறு யாராவது ஆசையாக வாங்கிப் போவார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து உன் குரல் பதிவு வந்தது. அவளைப் பார்க்க ஊருக்கு வரும் தேதியைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். அவளும் கேட்கட்டும் என்று ஆசையாகச் சத்தமாக வைத்தேன். நீ என்ன சொன்னாய்? "டாக்டர் நல்லவங்கதான்க்கா. பேசினா நேரம் போறதே தெரியல. ஆனா இன்னைக்குப் புதுசா நிறைய வந்திருக்கு, அதையும் ஒரு பார்வை பார்த்துடறேன். அதுவரைக்கும் இவங்களை ஓரமா வச்சிரு."

நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்தாள். போட்டிருந்த ஃப்ரேமைக் கழற்றிக் கொடுத்து, "இதுவே நல்லா இருக்குக்கா, இதையே போட்டுடுங்க" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "சாயந்தரம் தட்டைக் காலி பண்ணும்போது என்னையும் எடுத்துடுங்கக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் கடையில் உட்கார்ந்து அழுகை வந்தது. உன்னை அறைய வேண்டும்போலவும் இருந்தது.

நாள் பூராவும் ஃப்ரேம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவர்களை நான் பார்க்கிறேன். ஒரு கட்டத்துக்கு மேல் கண் பூத்துப்போய், எது தனக்குப் பொருந்துகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. அவர்களுக்காவது திரும்பப் போட்டுப் பார்க்க ஃப்ரேம் இருக்கிறது. அவள் உனக்காகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க மாட்டாள்.

அவளுடைய லென்ஸ் அடுத்த வாரம் வரும். வாங்கிக்கொள்ள வருவாள். அதற்குள் நீ அவளிடம் பேசு. என்னைத் தூது விடாதே, அவளிடம் பேச எனக்கு முகமில்லை. வேண்டாம் என்றால் அதை உன் வாயால் சொல். வேண்டும் என்றால் டிக்கெட் போட்டுக் கிளம்பி வா. வந்தாலும் அவள் சம்மதிப்பாளா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அவள் யோசித்துச் சொல்லட்டும், நீ காத்திரு.

அம்மாவும் அப்பாவும் இருந்திருந்தால் இதை இன்னும் பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள். எனக்கு இப்படித்தான் வருகிறது. சாப்பிடும்போதாவது போனைக் கவிழ்த்து வை. உடம்பைப் பார்த்துக்கொள். கடைக்குப் போய் முதலில் கண்ணில் படுகிற கட்டிலை வாங்கு. இரண்டு பேர் படுக்கிற அளவில் வாங்குடா.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா