உபின் தீவின் இரட்டைச் சைக்கிள்

இன்று காலை பீரோவிலிருந்து அந்த அரக்கு நிறப் பட்டுப் புடவையை வெளியே எடுத்தேன். மடிப்பை விரித்ததும், அந்துருண்டை வாசனைக்கு நடுவே, கரைக்குச் சற்று மேலே சைக்கிள் செயினின் கறுப்பு கிரீஸ் தெரிந்தது. ஒரு சொட்டு சாம்பார் பட்டாலும் அன்றே அலசிவிடுகிற நான், நீங்கள் போன பிறகு இந்தக் கறையை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன்.

சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உபின் தீவுக்குப் போனோம். சைக்கிளில் சுற்றுகிற இடம், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள் என்று மருமகள் கெஞ்சினாள். காஞ்சிபுரத்துக்காரி குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது பட்டில்லாமல் போவதா என்றேன்.

"மதர் சொன்னா சொன்னதுதான். விடும்மா" என்று மருமகளைச் சமாதானப்படுத்தினீர்கள். கான்வென்ட்டில் படித்தவள் என்பதற்காகக் கல்யாணமான புதிதிலேயே நீங்கள் எனக்குக் கொடுத்த பட்டம் அது.

படகிலிருந்து இறங்கினால் தகரக் கூரைக் கடைகள், தென்னைகள், வரிசையாக வாடகைச் சைக்கிள்கள். அந்த வரிசையைக் கண்டதும் உங்கள் நடையே மாறிவிட்டது. டெலிபோன் லைன்மேனாகத் தாமலுக்கும் வாலாஜாபாத்துக்கும் தோளில் வயர்ச் சுருளோடு சைக்கிளிலேயே போய்வந்தவர் அல்லவா?

"வேணாம்பா. ஊருக்குப் போனதும் ஹார்ட் ஆபரேஷன். டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றான் மகன்.

"மிதிக்கக்கூடாதுன்னாரு. ஹேண்டில் புடிக்கக்கூடாதுன்னு சொல்லலியே." இரண்டு இருக்கை போட்ட நீளமான சைக்கிள் ஒன்றைத் தட்டிக் காட்டினீர்கள். "உங்கம்மா பின்னாடி குந்திக்கினு மிதிக்கட்டும். என் காலு சும்மா கூட சுத்திக்கினு வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணமான புதிதில், துண்டால் கேரியரைத் துடைத்துவிட்டு "ஏறு" என்றீர்கள். நான் என்ன அரிசி மூட்டையா என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். அதன் பிறகு நீங்கள் என்னை அழைத்ததே இல்லை. அன்று தீவிலும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், அவ்வளவுதான். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன்.

முதுகை நேராக வைத்து உட்கார வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தது எனக்கு ரத்தத்தில் ஊறியது. முதல் வளைவில் நீங்கள் இடப்பக்கம் சாய, விழுந்துவிடுவோம் என்று நான் வலப்பக்கம் விறைத்தேன். இருவரும் புதரில் கிடந்தோம். ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு நின்று எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று.

மகன் ஓடிவந்தான். "போதும்பா, திரும்பிடலாம்."

நீங்கள் வாதாடவில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் படகுத்துறைப் பக்கம் திருப்பினீர்கள். "பரவால்லமா, பார்த்தவரைக்கும் போதும்" என்றீர்கள் என்னிடம். கீரைக்காரியிடம்கூட நாலு வார்த்தை பேசாமல் விடாத மனிதர் இப்படி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டபோதுதான், அந்த ஆபரேஷனை நீங்கள் எவ்வளவு குறைவாக நம்புகிறீர்கள் என்பது எனக்கு விளங்கியது.

"திருப்புங்க" என்றேன்.

"எங்க?"

"தீவுக்குள்ள."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "அப்போ நான் சாயறப்போ நீயும் சாயணும். கான்வென்ட்டு மாதிரி வெறச்சிக்கினு குந்தினா மறுபடியும் புதர்தான்."

"விழுந்துட்டா?"

"விழாம இருக்கத்தாம்மா சாயறது."

ரப்பர் மரங்களின் நிழல், கல் உடைத்த பள்ளங்களில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர், முள்தோல் டுரியான் பழங்கள் தொங்கிய மரங்கள். இவற்றையெல்லாம் மருமகளின் புகைப்படங்களில் பிறகுதான் நன்றாகப் பார்த்தேன். அன்று நான் பார்த்தது உங்கள் முதுகை மட்டும். வியர்வையில் ஒட்டிய வெள்ளைச் சட்டை, பிடரியில் சரியாக வெட்டப்படாத முடி. அது சாய்ந்தபோது நானும் சாய்ந்தேன், நிமிர்ந்தபோது நிமிர்ந்தேன். பாதையில் யாருமே இல்லாதபோதும் குரங்குகளுக்கு மணி அடித்துக்கொண்டே போனீர்கள். பின்னால் வந்த மகன் "மெதுவா, மெதுவா" என்று கத்துவதைக் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டான்.

சுற்றி முடித்துப் படகுத்துறைக்கு வந்ததும், மூச்சு வாங்கியபடி சொன்னீர்கள்: "பரீட்சையில மதர் பாஸ்."

ஊருக்குத் திரும்பிய பிறகு ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை உங்களோடு வந்தேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

இன்று புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், பட்டுக்குப் பாலிஷ் போடும் கடைக்காரர் கறையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பட்டுப் பொடவையில சைக்கிள் கிரீஸு? ஓட்னீங்களா?" என்று சிரித்தார்.

"ஆமாம்" என்றேன். அவர் நம்பவில்லை.

"எடுத்துடவா?"

கறையை விரலால் ஒருமுறை தடவினேன். "எடுத்துடுங்க. பொடவைன்னா சுத்தமா இருக்கணும்."

திரும்பும்போது தேரடித் திருப்பத்தில் ஷேர் ஆட்டோ வேகமாக வளைந்தது. பக்கத்தில் இருந்த பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் விறைத்தாள். நான் எதையும் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியுமுன்பே என் உடம்பு வளைவோடு சாய்ந்துவிட்டிருந்தது. முன்னால் இருந்தது யாரோ ஓட்டுநரின் காக்கிச் சட்டை முதுகு. அது நிமிர்ந்தபோது நானும் நிமிர்ந்தேன்.