நிறுத்தும் பொத்தானின் லட்சணம்

கும்மிடிப்பூண்டி
4.9.1978

அன்புத் தம்பி அருணகிரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மனசு சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வரைந்து கொடுத்த தகடு அழுத்தும் மிஷின், உன் மாமா வேலை செய்யும் தகர டப்பா கம்பெனிக்கே வந்துவிட்டது. அதில் அவரைத்தான் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் மச்சான் வரைஞ்சது பா, இன்னா ஷோக்கா கீது பாரு" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பழைய மிஷினில் நிறுத்துகிற பொத்தான் மட்டும் சிவப்பாய்ப் பெரிதாய் இருக்குமாம். உன்னுடையதில் ஐந்தும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், ஒரே வரிசை. போன வாரம் அவசரத்தில் நிறுத்துவதற்குப் பதில் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். நல்ல வேளை, சட்டையின் கை கிழிந்ததோடு போயிற்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே மானேஜர் ராஜமாணிக்கத்திடம் போய்க் கேட்டேன். "வரைஞ்சவரு ஒரு லெட்டர் குடுத்தா இன்னிக்கே செவப்பு அடிச்சுடலாம்மா. நாமளா கை வெச்சா கேரண்டி பூடும்" என்றார். ஒரே ஒரு கடிதம், கண்ணா. உடனே எழுது.

உன் அக்கா,
ரத்னா

பம்பாய்
13.9.1978

அன்புள்ள அக்கா,

படித்ததும் பதறிப்போனேன். மாமாவை முழுக்கைச் சட்டை போட வேண்டாம் என்று சொல்.

நீ சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் அந்த வரிசை எனக்குக் கைகூட எட்டு மாதம் ஆயிற்று. அழகு என்றால் என்ன என்று யோசித்தவர்கள் சொல்வது இதுதான்: ஒரு பொருளில் எந்தப் பாகமும் தனியாகக் கூச்சல் போடக் கூடாது. எல்லாம் முழுமைக்குள் அடங்க வேண்டும். அது எதற்குப் பயன்படும் என்பதையே மறந்து பார்த்தாலும் கண் நிறைய வேண்டும். நடுவில் ஒரு சிவப்பு வைத்தால் கண் அங்கேயே போய் நின்றுவிடும்.

டிசம்பரில் இங்கே கண்காட்சி. பரிசுக்கு என் மிஷினைத்தான் முதலில் சொல்கிறார்கள். இப்போது நானே அது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் ஆபீசில் என்னை யார் மதிப்பார்கள்? உள்ளதைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. டிசம்பர் கழியட்டும். அதற்குள் மாமாவுக்குக் கை பழகிவிடும்.

அன்புத் தம்பி,
அருணகிரி

கும்மிடிப்பூண்டி
14.10.1978

அன்புத் தம்பிக்கு,

கண் அங்கேயே போய் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தானே நான் கேட்கிறேன்?

நீ படித்தவன், நான் பதினொன்றாவதோடு நின்றவள். ஆனாலும் சொல்கிறேன். நாம் ஒன்றை அழகு என்று மட்டுமா சொல்கிறோம், லட்சணம் என்றும் சொல்கிறோமே. பார்த்ததும் இது இன்னது என்று தெரிவதுதானே லட்சணம். உன் பொத்தான்கள் அழகாகத்தான் இருக்கின்றன. லட்சணமாக இல்லை.

உன் மாமா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுத்துகிற பொத்தானுக்கு மட்டும் தினமும் குங்குமம் வைத்தார். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். ஆயுத பூஜையன்று, அவரோடு வேலை செய்யும் குப்புராஜ் மிஷினைத் துடைத்துச் சந்தனம் தடவி, ஐந்துக்கும் குங்குமம் வைத்துவிட்டார். கேட்டால், "ஒண்ணுக்கு மட்டும் வெச்சா மத்ததுங்க இன்னா பாவம் பண்ணுச்சு?" என்கிறாராம். சாமிக்கு வைத்ததை அழிக்க யாருக்கும் கை வரவில்லை. உன் மாமாவும் மாட்டேன் என்கிறார்.

கம்பெனியில் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து நிற்கிறேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல்களைத்தான் பார்க்கிறேன். டிசம்பர் வரை என்னால் முடியாது. எழுதிவிடு.

உன் அக்கா,
ரத்னா

பம்பாய்
25.10.1978

அன்புள்ள அக்கா,

மானேஜருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். இரண்டு தடவை தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். என்னைத் திட்டாதே. டிசம்பர் பத்தாம் தேதி முடிவு சொல்கிறார்கள். பதினொன்றாம் தேதி அனுப்பிவிடுகிறேன், இது சத்தியம். அதுவரை மாமாவை வேறு மிஷினுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லேன்.

அருணகிரி

கும்மிடிப்பூண்டி
20.12.1978

தம்பிக்கு,

உனக்குப் பரிசு கிடைத்த செய்தியும் மானேஜருக்கு நீ எழுதிய கடிதமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன.

வேறு மிஷினுக்கு மாறச் சொல்லி நீ எழுதியதை அவரிடம் சொல்லத்தான் செய்தேன். "மச்சான் மிஷின எவன் கைலயும் குடுக்க மாட்டேன்" என்றுவிட்டார். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மறுபடியும் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "புள்ள பரிசு வாங்கற நேரத்துல பேஜாரு பண்ணாதே" என்றார். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மானேஜர் மறுநாள் காலையிலேயே அந்தப் பொத்தானுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார். யார் கடிதத்தையும் கேட்கவில்லை. உன் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. நீ வாசலில் நின்றால் அவர் எழுந்து வந்து உன் பரிசைப் பற்றித்தான் கேட்பார். அவருக்கு உன்மேல் துளிக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. அவர் எதிரில் வைத்து வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று இப்போது அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ரத்னா