கல்யாணத்தின் இரண்டாவது றோல்

3.2.84 வெள்ளி. கொக்குவில்.

விடிந்தும் பனி. ஏழரை மணிக்கும் ரெயில் கேற்றடி தெரியவில்லை. ரெயில் போன சத்தம் கேட்டது, ரெயிலைக் காணவில்லை.

கொண்டுபோக வேண்டியவை: கமரா. கலர் பிலிம் றோல் இரண்டு (36 + 36 படம்). பிளாஷ், பற்றறி நாலு. லென்ஸ் துடைக்கப் பழைய பெனியன் துண்டு. சேலை இரண்டு, ஒன்று பட்டு. தலையிடிக் குளிசை.

அண்ணை லண்டன் போகும்போது விட்டுப்போன கமரா. நாலு வருடமாகச் சேர்ச் பிக்னிக், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், ரஞ்சியின் பூனை. ஒருவரும் காசு தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. இதுதான் முதல் தரம். பவானியின் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை, வல்வெட்டித்துறையில். தட்டெழுத்து வகுப்பில் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மெசின் அவள். "நேசமக்கா, நீங்கள்தான் எடுக்க வேணும். தெரியாத ஆம்பிளை கமராவோட முன்னுக்கு வந்து நிண்டா என்ரை முகம் கல்லாப் போயிடும்" என்று எழுதியிருந்தாள். தாய்க்கு அவ்வளவு விருப்பம் இல்லையாம். ஆனாலும் முற்பணம் வந்தது.

மாப்பிள்ளை தாசன். கப்பலில் வேலை. வியாழக்கிழமை கொழும்புக்கு ரெயில், பிறகு பதினெட்டு மாதம் கடல்.

தங்கச்சி ரஞ்சி: "வேதக்காரிக்குச் சைவக் கலியாணத்தில எது எப்ப நடக்கும் எண்டு தெரியுமோ? நீ பராக்குப் பாத்துக்கொண்டு நிக்க எல்லாம் முடிஞ்சுபோடும்."

பூனை பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டது. பட்டுச் சேலை முழுக்க மயிர்.

5.2.84 ஞாயிறு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

நேற்றே போய்விட்டேன். இன்று விடிய முந்தியே வீடு நிறையச் சனம். கடலில் இருந்து பனி ஒழுங்கைக்குள் வந்து பந்தலுக்குள்ளும் நின்றது. வாழைமரங்களுக்கு நடுவில் மனிதர்கள் அரைவாசி அரைவாசியாக. தலை இல்லாத வேட்டி. ஒரு கை மட்டும். தவில் சத்தம் எங்கிருந்தோ. வேறு யாருடைய நித்திரைக்குள்ளோ நான் நடந்து திரிவது போல.

முதல் றோல்: சமையற்காரர், பூசணிக்காய், கோலம், மாமாமார், தலைப்பாவோடு மாப்பிள்ளை வந்து இறங்கியது. அவருக்குக் கால் கழுவியது முப்பத்தாறாவது. பந்தல் மூலையில் நின்று றோல் மாற்றினேன். அந்த நேரம் பார்த்து வெயில் பனிக்குள் இறங்கியது. ஒழுங்கை முழுவதும் பால் நிறம். அதைப் பார்த்துக்கொண்டே கமராவின் முதுகை மூடினேன்.

பிறகு எல்லாம் எடுத்தேன். கூறை. தாலி. மாலை. அறுகரிசி போட வரிசையாகக் கிழவர்கள். ஐயர் நல்ல மனிதர். முக்கியமான இடம் வரும்போது, "பிள்ளை, இப்ப" என்று கண் காட்டுவார். நான் அமத்துவேன். ஒன்றும் தப்பவில்லை.

எண் 36 வந்தது. றோல் முடியவில்லை. 37. 38. சில றோலில் ஒன்றிரண்டு கூட வரும் என்று அண்ணை சொன்னவர். 41 வரை போனது. ஆண்டவர் தந்தது என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து பவானியின் அறையில் இருந்து பிலிமைத் திருப்பிச் சுற்றினேன். பிடி வெறுமனே சுழன்றது. பாரமே இல்லை. திறந்து பார்த்தேன். பிலிமின் நுனி உள்ளே சுருளில் பிடிபடாமல் வெளியே கிடந்தது. ஒரு படம்கூட நகரவில்லை. கடையில் வாங்கிய மாதிரியே புது றோல்.

கல்யாணத்துக்கு முந்தியது எல்லாம் இருக்கிறது. கல்யாணம் இல்லை.

கதவைத் தட்டி பவானியின் அம்மா: "பிள்ளை, எல்லாம் வடிவா வந்ததோ?"

"ஓம் அன்ரி."

என் வாய்தான் சொன்னது. மிச்சக் காசை உறையில் போட்டு, வெற்றிலையோடு தந்தார். வாங்கினேன். வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன்.

வேறு ஒருவரும் படம் எடுக்கவில்லை. கொழும்பில் இருந்து வந்த மச்சான் ஒருவருடைய கழுத்தில் கமரா தொங்கியது. உள்ளே பிலிம் இல்லையாம், சும்மா போட்டுக்கொண்டு வந்தவராம். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்.

6.2.84 திங்கள்.

பனி. பாணும் சம்பலும். இறங்கவில்லை.

வெறும் கமராவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்தேன். பிலிம் சரியாகப் பிடித்தால், ஒவ்வொரு தரம் சுற்றும்போதும் மற்றப் பக்கத்துப் பிடியும் கூடவே மெல்லத் திரும்பும். அதைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ரஞ்சிக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கொழும்பில கழுவேக்கை பழுதாக்கிப்போட்டாங்கள் எண்டு சொல்லு. மாப்பிள்ளை வியாழக்கிழமை போயிடுவார். ஆர் போய் விசாரிக்கப் போகினம்?"

"பவானி கேப்பாள்."

"கேப்பாள், அழுவாள், பிறகு விட்டிடுவாள். நீ உண்மையைச் சொன்னா இனி ஒருத்தரும் உன்னைக் கூப்பிடமாட்டினம். யோசி."

யோசித்தேன். அவள் சொல்வதில் பிழை இல்லை. எல்லாரும் நம்பக்கூடிய பொய். யாரோ முகம் தெரியாத கொழும்புக்காரன் மேல் விழும், அவனுக்கு வலிக்காது.

மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ஓர் அல்பம். பக்கம் பக்கமாக வெள்ளை. பவானி விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். "இது நான். இது அவர். இது அம்மா அழுறா." நான், "ஓம், வடிவா இருக்கு" என்கிறேன்.

தாசன் இன்னும் மூன்று நாள் இருப்பார்.

மறக்காமல்: சலவைக்கு இரண்டு துவாய். அண்ணைக்குக் கடிதம்.

7.2.84 செவ்வாய். வல்வெட்டித்துறை.

முதல் பஸ். கமராவும் இரண்டு றோலும் பையில். யன்னலில் வெள்ளை தவிர ஒன்றும் இல்லை. கொண்டக்டர் கத்தியதில்தான் ஊர்கள் வந்து போனது தெரிந்தது.

பந்தல் பிரித்தாகிவிட்டது. வாடகைக்காரர் மணவறையை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போய் உறையை மேசையில் வைத்து, நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

பவானியின் அம்மா உறையையும் என்னையும் பார்த்தார். "அண்டைக்குக் கேட்டனான். ஓம் எண்டு சொன்னனீர்."

"பொய் சொன்னனான் அன்ரி."

"அவளின்ரை அப்பா கடலோட போன பிறகு தனிய நிண்டு செய்த கலியாணம். ஒரு படம் இல்லையோ? தாலி கட்டினது ஒண்டுகூட இல்லையோ?"

அவர் சத்தம் போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருந்து சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார்.

பவானி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் இருந்து ஈரத் தலையோடு தாசன் வந்தார். பவானியே அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் முடிந்து அவரோடு நேரே இவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரமாம், பிறகு எனக்குச் சொன்னாள்.

அவர் துவாயால் தலையைத் துடைத்தார். "தாலி கட்டேக்கை தாலிக்கொடி மட்டும்தான் என்ரை கண்ணில பட்டது. உவவின்ரை முகத்தை நான் பாக்கவே இல்லை. அக்கா, நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"எப்பிடி இருந்தவ?"

"பயந்துபோய் இருந்தவ."

"பயமில்லை," என்றாள் பவானி. "ஐயருக்குத் தும்மல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தனான்."

"அப்ப திரும்ப ஒருக்கா..." என்று தாசன் தொடங்க, அம்மா எழும்பிவிட்டார். "தாலி இரண்டாந்தரம் கட்டுறதோ? என்ன கதை தம்பி கதைக்கிறியள்!"

வெளியே லொறி போனது.

பவானி: "தாலி கட்டி முடிஞ்சுதுதானே அம்மா. அதை விடுங்கோ. கட்டின ஆக்களை எடுக்கட்டும்."

அம்மா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நாளைக்கு நாலாஞ்சடங்கு. கூறை உடுத்தா ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம்." பிறகு, "இரவு நீர் இஞ்சை படும். விடிய பஸ்ஸை நம்பேலாது."

8.2.84 புதன்.

நாலாஞ்சடங்கு. கல்யாணத்துக்கு நாலாம் நாள், கிட்டின சொந்தம் மட்டும்; மத்தியானம்தான் மீனும் இறைச்சியுமாக மச்சச் சாப்பாடு. காலை ஆறரை மணிக்கு அதே இரண்டாவது றோலைக் கமராவில் போட்டேன். பவானியும் தாசனும் குனிந்து பார்த்தார்கள். சுற்றினேன். பிடி திரும்பியது.

"சுத்துது!" என்றார் தாசன். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அப்படியே. "சுத்துது அக்கா!"

மணவறை இல்லை, பந்தல் இல்லை. வீட்டுச் சுவருக்கு முன் நிற்பாட்டினால் இரண்டு பேரும் விறைத்துப்போனார்கள். பாஸ்போட்டுப் படம் மாதிரி. பவானிதான், "கரைக்குப் போவம்" என்றாள். ஒழுங்கை முடிந்தால் கடல். வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்தன. அங்காலே ஒன்றும் இல்லை, வெள்ளை. சத்தம் மட்டும் வந்து போனது. சிவப்புக் கூறை பனிக்குள் போகும், மங்கும், திரும்ப வரும்.

தாசன் கதைக்கத் தொடங்கினார். நடுக்கடலில் பனி என்றால் கப்பல் ஊதிக்கொண்டே போகுமாம். வேறு கப்பல் எங்கேயோ இருந்து பதில் ஊதுமாம். முகம் தெரியாதாம், போய்விடுமாம். பவானி, "அப்ப பயமில்லையோ?" என்றாள். "ஊதினாப் பயமில்லை" என்றார். அவள் கைகளைக் குவித்து வாயில் வைத்து ஊதினாள். அவரும் ஊதினார். மணமகள் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழும்பின. நான் இருப்பதை மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். கை மட்டும் தன்பாட்டில் சுற்றியது, அமத்தியது.

அம்மா பூக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. தூர நின்றார். "அன்ரி, நீங்களும் வாங்கோ" என்றேன். வரமாட்டேன் என்றார், வந்தார். நடுவில் நின்றார்.

36 இல் பிலிம் இறுகி நின்றது. அந்த இறுக்கம் கையில் பட்டதும் அழுகை வந்தது. லென்ஸ் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

இந்த வெளிச்சத்துக்கு என்ன வரும் என்று தெரியாது. ஒன்றுமே வராமலும் போகலாம். சொன்னேன். தாசன், "சரி, வாறது வரட்டும்" என்றார். இரண்டு றோலும் அவர் கையில். கொழும்பில் கொடுத்துக் கழுவித் தபாலில் அனுப்புவாராம்.

ஆட்டிறைச்சி, இறால், ஒடியல்மாப் பிட்டு. மூன்று பேர் சாப்பாடு சாப்பிட்டேன். பஸ்ஸில் பையைத் திறந்தால் காசு உறை உள்ளே. யார் வைத்தது என்று தெரியும்.

9.2.84 வியாழன்.

பனி குறைவு. காலை ரெயில் பத்து நிமிடம் பிந்தி. தாசன் கொடிகாமத்தில்தான் ஏறுவார், இந்த ரெயில் இங்கே தாண்டும்போது அதில் அவர் இல்லை. இருந்தும் கேற்றடியில் நின்று பார்த்தேன்.

ரஞ்சி: "ஆரைத் தேடுறாய்?"

"ஒருத்தரையும் இல்லை."

25.2.84 சனி.

வல்வெட்டித்துறைக்குப் போய் வந்தேன். பவானி தபாலட்டை போட்டிருந்தாள்: "வந்திட்டுது. உடனே வாங்கோ."

அம்மா பாய் விரித்து எல்லாப் படத்தையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். முதல் றோலில் பூசணிக்காய் முதற்கொண்டு எல்லாம் தெளிவு. இரண்டாவது வெளிறல். சிலவற்றில் ஆட்களைவிடப் பனி கூட. முகங்கள் அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருப்பது போல. நானா எடுத்தேன் என்று இருந்தது.

"கலியாணப் படம் மாதிரி இல்லை" என்றார் அம்மா. ஒன்றை எடுத்தார். "இஞ்சை பார், வாயைத் திறந்து சிரிக்கிறாள். சனம் என்ன சொல்லும்?" அப்பால் வைத்தார். கொஞ்சத்தால் திரும்பவும் எடுத்தார். பிறகு மடியிலேயே வைத்திருந்தார்.

பவானி எண்ணினாள். இரண்டாவது றோலில் முப்பத்தைந்து. திரும்ப எண்ணினாள். முப்பத்தைந்து. நெகடிவ் முப்பத்தாறு. துண்டு துண்டாக யன்னலில் பிடித்து, படத்தோடு படம் ஒத்துப் பார்த்தோம். நாலாவது துண்டில் நிறுத்தினாள். அதில் ஒன்றுக்குப் படம் இல்லை.

நெகடிவில் தலைமயிர் வெள்ளை, முகம் கறுப்பு. ஆனாலும் அவள்தான். தனிய. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் காலில் படப் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு. ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை.

"இந்தப் படத்தை அவர் கொண்டுபோயிட்டார்" என்றாள்.

அம்மா: "எதை? காட்டு பாப்பம்."

பவானி காட்டவில்லை. நெகடிவ் என்னிடம் இருக்க வேண்டும், அதுதான் முறை. அவள் அந்தத் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றினாள். நான் மற்றவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.